பதினொரு ஈயத் துண்டுகள்

உன் பெட்டியைப் பல்கனியில் வைத்திருக்கிறேன். வீட்டுக்குள் வைக்க முடியவில்லை. மூடியைச் சற்றுத் தூக்கினாலே வினாகிரிப் போத்தலைத் திறந்த மாதிரிப் புளித்த மணம் வருகிறது. நேற்று முழுக்க இங்கே, டென்மார்க்கின் ஓல்போர்க்கில் மழை. கதவை இறுக்கிச் சாத்தியிருந்தும், இன்று காலை தேநீர் போடக் குசினிக்குள் போனபோது அந்த மணம் எனக்கு முன்னே வந்து நின்றது. உன் பெட்டி என்று எழுதிவிட்டேன், அது பிழை. நான் செய்த பெட்டி. நான் செய்து, எண்ணெய் பூசி, உன் கையில் தந்த பெட்டி. இந்த ஒரு திருத்தத்தைச் சொல்ல எனக்கு எட்டு வருடங்கள் பிந்திவிட்டன. அதற்கு நீதான் காரணம்.

செத்தவர்களைப் பற்றி நல்லதாகவே எழுத வேண்டுமாம். உன் முப்பத்தோராம் நாளுக்கு அடித்த நினைவு மலரில் அதெல்லாம் வந்திருக்கிறது. அன்பான கணவர், பாசமுள்ள தந்தை, எல்லோருக்கும் உதவுபவர். வாய் திறக்காமலே ஆட்களைச் சாகடிக்கிறவன் என்று அதில் ஓரிடத்திலும் இல்லை. படமும் உனக்குத் தலைமயிர் இருந்த காலத்துப் படம். மலரில் விட்டுப்போனதை நான் எழுதுகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன். நீ வாசிக்கப் போவதில்லை என்பதால் முகத்துக்கு அஞ்சவும் தேவையில்லை.

கிரின்ஸ்டெட்டுக்கு வெளியே இருந்த தளபாடத் தொழிற்சாலையில் நாம் பக்கத்துப் பக்கத்தில் நின்றோம். மேசைக் கால்களுக்குத் துளை போடும் இயந்திரம் உன்னுடையது, அந்தக் கால்களைத் தேய்க்கும் இயந்திரம் என்னுடையது. நீ யாழ்ப்பாணத்துச் சைவம், நான் மட்டக்களப்பு வேதக்காரன். ஊரில் இருந்திருந்தால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருக்கவே மாட்டோம். அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் செய்வதற்கு ஒன்றும் இல்லாத இரண்டு பேர் நாம்தான். அதனால் உன் பழைய காரில் ஏறி, ஒவ்வொரு ஊர் விளையாட்டு மண்டபத்திலும் நடக்கும் லொப்பமாக்கெட்டுக்குப் போனோம். வீட்டில் வேண்டாததை மேசையில் பரப்பி வைத்து விற்கும் சந்தை. கோப்பை, பீங்கான், குளிர்கோட்டு என்றுதான் தொடங்கினோம்.

ஒருநாள் ஒரு கிழவரின் மேசையில், சட்டைப் பொத்தான்கள் நிறைந்த தட்டுக்குள் துளை போட்ட செப்பு வில்லை ஒன்றைக் கண்டது நீதான். அதை நான் ஒத்துக்கொள்கிறேன். காசு இல்லை, காசு மாதிரி இருந்தது. ஒரு கடைக்காரன் பெயரும் ஒரு தீவின் பெயரும் தேய்ந்து கிடந்தன. கிழவர் சொன்ன பிறகுதான் நமக்கு விளங்கியது. கரிபியன் கடலில் டென்மார்க்குக்கு மூன்று தீவுகள் இருந்தன. கரும்பும் அடிமைகளும். பிறகு அவற்றை அமெரிக்காவுக்கு விற்றுவிட்டார்கள். அங்கே சில்லறைத் தட்டுப்பாடு வந்தால் கடைக்காரர்களும் தோட்டக்காரர்களும் சொந்தமாக டோக்கன் அடித்தார்கள். துறைமுகத்தில் கப்பல்களுக்கு நிலக்கரி சுமந்த பெண்களுக்குக் கூடைக்கு ஒரு டோக்கன். தலையில் கூடையோடு பலகையில் ஏறி, கொட்டிவிட்டு இறங்கும்போது கையில் ஒன்று. அந்தக் கதையைக் கேட்டதும் நீ இயந்திரம் பிடித்து நொந்த உன் கையைத் தேய்த்துக்கொண்டே சொன்னாய்.

"இதுவும் அக்கோட் வேலைதான், மச்சான், எண்ணிக்கைக்குக் காசு. எங்களுக்குக் காலுக்கு இவ்வளவு, அதுகளுக்குக் கூடைக்கு இவ்வளவு."

அன்றிலிருந்து நமக்குப் பைத்தியம் பிடித்தது. கப்பல்காரர், கணக்கப்பிள்ளைமார், மதகுருமார் எல்லோரும் திரும்பி வரும்போது பையில் கிடந்ததையும் கொண்டுதானே வந்திருப்பார்கள். அது பேரப்பிள்ளைகளின் பொத்தான் பேணிகளில் கிடக்கும் என்று நீ கணித்தாய். கிடந்தது. தமிழ் ஆட்கள் நம்மைப் பார்த்துச் சிரித்தார்கள். புரொண்பியிலிருந்து ஒரு கல்யாணத்துக்கு வந்த ஒருவர், டென்மார்க்குக்காரன் தரங்கம்பாடியிலும் காசு அடித்தானே, நம்முடைய ஊர்க் காசைச் சேர்க்காமல் ஏன் இந்தக் கறுப்பர் காசு என்று கேட்டார். நீ சோற்றைப் பிசைந்தபடி நிமிராமலே சொன்னாய்.

"தரங்கம்பாடியும் எங்கடை ஊர் இல்லை, அண்ணை."

அந்த மனிதர் அதற்குப் பிறகு நம்மோடு கதைக்கவில்லை. எனக்கு அன்று உன்னைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. இதை எழுதும்போதும் எரிச்சலாகத்தான் இருக்கிறது, ஆனால் இருந்தது.

இனி அந்தப் பதினொன்று. இங்கே ஓல்போர்க்கில், ஒரு பள்ளிக்கூட மண்டபத்துச் சந்தையில், ஒரு பெண் புகையிலைப் பேணி ஒன்றை வைத்திருந்தாள். திறந்தால் மங்கிய ஈயத் துண்டுகள். சில வட்டம், சில நீள்வட்டம், ஒன்று மட்டும் இதய வடிவம். ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று எழுத்துகள், ஒரு வருடம். நீ அவற்றை மீன் வலைக்குக் கட்டுகிற ஈயக்குண்டு என்றாய். எனக்குத் தெரியும், அவை தேவாலய டோக்கன்கள். தீவுகளில் இருந்த சில சபைகளில் திருவிருந்துக்கு முன் மூப்பர் வீடுவீடாகப் போய் விசாரிப்பார். ஒழுங்காக நடக்கிறாயா, யாரோடும் பகை உண்டா, வேதம் தெரியுமா என்று. தகுதி இருக்கிறது என்று அவர் தீர்மானித்தால் கையில் ஒரு ஈயத் துண்டு வைப்பார். ஞாயிற்றுக்கிழமை அதைக் கொடுத்தால்தான் மேசையில் இடம், பாணும் முந்திரிகை ரசமும். துண்டு இல்லாதவன் பின்வரிசை வாங்கிலிருந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

திரும்பி வரும் வழியில் இதையெல்லாம் உனக்கு விளக்கினேன். வழக்கம்போல ஒரு கேள்வியால் என் வாயை அடைத்தாய்.

"அப்ப மூப்பருக்கு ஆர் டோக்கன் குடுத்தது?"

நான் கார் வானொலியைத் திருகினேன்.

அந்தப் பதினொன்றும் நம் இருவருக்கும் பொது என்று பேசிக்கொண்டோம். நீ கழுவி வைத்திருந்த மாஜரின் டப்பா ஒன்றை எடுத்து வந்தாய். மூடியில் மஞ்சள் பூப்போட்ட பிளாஸ்டிக் டப்பா. இதே மாதிரி டப்பாக்களில்தான் உன் மனைவி பருப்பும் வைத்திருந்தார், மிளகாய்த் தூளும் வைத்திருந்தார்.

"உதுக்குள்ளை கிடக்கட்டும், மச்சான். ஈயத்துக்கு என்ன குளிரோ வெயிலோ," என்றாய்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு சனம் கடவுளின் மேசைக்குப் போகக் கையில் பிடித்திருந்த பொருள், அதை மாஜரின் டப்பாவில் போடுவதா? "உனக்கு ஒரு மரியாதையும் தெரியாதுடா," என்று கத்தினேன். தொழிற்சாலையில் கழித்துவிட்ட ஓக் பலகைகளைப் பொறுக்கினேன். இரண்டு மாதம், வேலை முடிந்த பிறகு, உன் கராஜில் நின்று பெட்டி செய்தேன். ஆணி ஒன்றும் இல்லை, பல்லுக்குப் பல்லுக் கோத்து இறுக்கினேன். உள்ளே பதினொரு குழி, ஒவ்வொரு துண்டின் வடிவத்துக்கும் ஒவ்வொன்றாய்க் குடைந்தது. இதய வடிவக் குழிக்கே ஒரு கிழமை போனது. மூடி பொருந்தும்போது உள்ளேயிருந்து காற்று மெல்லச் சீறி வெளியேறும், அவ்வளவு இறுக்கம். மூக்கை வைத்து மணந்து பார்த்து, "நல்ல ஓக், மணத்திலேயே தெரியுது," என்றேன். நீ விரலால் மூலைகளைத் தடவிக்கொண்டிருந்தாய்.

தொழிற்சாலையை மூடியது அதற்கு அடுத்த வருடம். கடைசி நாள் நாம் உன் கராஜில் பியர் குடித்தோம். நான் அன்று ஒன்று சொன்னேன். இருபதாயிரம் மேசைக் கால் தேய்த்திருப்பேன், ஒரு மேசையை முழுதாகப் பார்த்ததில்லை, இந்த நாட்டில் நான் தொடங்கி நானே முடித்தது இந்த ஒரு பெட்டிதான் என்று. குடியும் துக்கமுமாய்ச் சொன்னது. மறுநாள் நானே மறந்துவிட்டேன். நீ மறக்கவில்லை என்று இப்போது தெரிகிறது. ஒருவன் பியர் போத்தலோடு உளறியதைத் தூக்கி வைத்துக்கொண்டு அதன்படி அவன் வாழ்க்கையை நடத்த உன்னை யார் கேட்டது?

எனக்கு ஓல்போர்க்கில் ஆஸ்பத்திரி வேலை கிடைத்தது, நோயாளர் கட்டிலைத் தள்ளிக்கொண்டு போகும் வேலை. வீடு கீழ்த்தளம், சுவரெல்லாம் ஈரம். அதனால் செப்பு டோக்கன்களை நான் எடுத்துக்கொண்டேன், ஈயப் பெட்டி உன்னிடம் நின்றது. வருடத்துக்கு இரண்டு மூன்று தரம் வருவேன், பெட்டியைத் திறப்போம், ஒவ்வொன்றாய் உள்ளங்கையில் வைத்துப் பார்ப்போம். பிறகு ஒரு காலத்தில் பெட்டி வெளியே வருவது நின்றது. "இண்டைக்கு வேண்டாம், மச்சான். அலுமாரித் திறப்பை எங்கையோ வைச்சிட்டன்." அடுத்த முறை, "அலுமாரிக்கு முன்னாலை சாமான் அடுக்கிக் கிடக்கு." அதற்கடுத்த முறை சாப்பாட்டைப் போட்டு, கதையை மாற்றி, என்னைக் காரில் ஏற்றிவிட்டாய். எனக்குச் சந்தேகம் வர நாலு வருடம் பிடித்தது. நான் அவ்வளவு மொக்கன்.

தீவுகளை விற்று நூறு வருடம் ஆனபோது நாடு முழுக்கக் கண்காட்சிகள் வைத்தார்கள். உங்கள் ஊர் நூலகத்தில் எனக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி தந்தார்கள். நான் கேட்டு வாங்கினேன், யாரும் தேடி வந்து தரவில்லை. இரண்டு தமிழர் சேர்த்த தேவாலய டோக்கன்கள் என்று ஒரு சின்ன அட்டையும் அடித்து வைத்துவிட்டார்கள். முப்பது வருடம் இந்த ஆட்களுக்கு மேசைக் கால் தேய்த்து, கட்டில் தள்ளிய பிறகு, ஒரு தரம் அவர்கள் குனிந்து நம்முடையதைப் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். உனக்குத் தொலைபேசி எடுத்தேன். தரமாட்டேன் என்றாய். ஏன் என்று கேட்டேன். "ஏலாது," என்றாய். வேறு ஒரு சொல்லும் இல்லை. திறப்பு விழாவன்று அட்டை இருந்தது, கண்ணாடி இருந்தது, உள்ளே பச்சைத் துணி மட்டும் விரித்துக் கிடந்தது. நூலகப் பெண் என்னைப் பார்த்து இரக்கமாகச் சிரித்தாள்.

நீ அவற்றை யாரோ டேனிஷ் சேகரிப்பாளனுக்குக் கைமாற்றிவிட்டாய் என்று முடிவு கட்டினேன். உன்னுடைய பாதியைக் கொடுத்திருந்தாலும் பொறுத்திருப்பேன், என்னுடையதையும் சேர்த்துக் கொடுத்துவிட்டாய் என்று. அடுத்த மாதம் உன் மகள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்திய வீடு. மண்டபம் நிறைய ஆட்கள். பிள்ளை ஆலாத்தி முடிந்து சேலையோடு மேடையில் கதிரையில் இருந்தாள். நான் பந்திக்குப் போகவில்லை. நேரே உன்னிடம் வந்து, எல்லோருக்கும் கேட்கும்படி, "கள்ளன், பொதுவில இருந்ததக் களவெடுத்த கள்ளன்," என்றேன். மண்டபம் அடங்கிப்போனது. உன் மகள் மேடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள், பதின்மூன்று வயது. நீ என் முகத்தைப் பார்த்து ஒன்றே ஒன்று சொன்னாய்.

"சாப்பிட்டிட்டுப் போ."

நான் சாப்பிடாமல் போனேன்.

எட்டு வருடம். கண்டவர்களிடமெல்லாம் சொன்னேன், கேட்காதவர்களிடமும் சொன்னேன். கிரின்ஸ்டெட்டில் தமிழ்ப் பள்ளிக்கூட அலுமாரித் திறப்பு உன்னிடம்தான் எப்போதும் இருக்கும். அதை உன்னிடமிருந்து வாங்கி வேறொருவரிடம் கொடுத்தார்களாம், காரணம் ஒன்றும் சொல்லாமலே. அந்தச் செய்தி வந்த அன்று நான் ஆட்டிறைச்சி வாங்கிச் சமைத்தேன். இதையும் எழுதி வைக்கிறேன், இல்லாவிட்டால் இந்த மடலும் உன் நினைவு மலர் மாதிரித்தான் இருக்கும்.

நீ செத்த செய்தி வந்தபோது வேலையில் நின்றேன். உன் செத்த வீட்டுக்கு நான் வரவில்லை. தலை சுற்றுகிறது என்று வீட்டில் சொன்னேன்.

பத்தொன்பதாம் நாளோ இருபதாம் நாளோ, உன் மகள் இரண்டு மணி நேரம் கார் ஓடி வந்து என் கதவைத் தட்டினாள். நான் கடைசியாகப் பார்த்த சேலைக்காரப் பிள்ளை இல்லை, நல்ல உயரமாய், உன் மூக்கோடு. ஒரு கடைப் பையைச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். உள்ளே என் பெட்டி.

"அம்மா இதை எறியச் சொன்னவா, மாமா. நான்தான் கொண்டு வந்தனான். உங்களிட்டைக் குடுக்கச் சொல்லி அப்பா ஒண்டும் சொல்லேல்லை," என்றாள். கதிரையின் நுனியில் இருந்தாள், ஜக்கெட்டைக் கழற்றவில்லை. "உள்ளுக்கை வெள்ளைத் தூள் பக்கெட் பக்கெட்டா இருக்கு. நான் ட்ரக்ஸ் எண்டு பயந்திட்டன். வழியிலை பொலிஸ் மறிச்சிருந்தா என்ன சொல்லுறது?"

பெட்டியைத் திறந்தேன். புளித்த மணம் முகத்தில் அடித்தது. நான் குடைந்த குழிகளுக்குள் பத்துக் கடதாசிப் பொட்டலங்கள், கோயிலில் விபூதி மடித்துத் தருகிற மாதிரி மடித்தவை. ஒவ்வொன்றின் மேலும் உன் குறுகிய எழுத்து. எந்தத் தீவு, என்ன வடிவம், என்ன எழுத்து, எந்த வருடம். பிறகு நீ அதைத் திறந்து பார்த்த திகதி, அதற்குக் கீழே "பொடி." ஒன்றைப் பிரித்தேன். மாவு மாதிரி வெள்ளைத் தூள். நடுவில் பயற்றங்கொட்டை அளவில் மிச்ச ஈயம், தொட்டதும் அதுவும் நொறுங்கியது. இதயத்தின் பொட்டலத்தை நான் பிரிக்கவில்லை.

பதினோராவது குழியின் மேல் மஞ்சள் மூடிப் பிளாஸ்டிக் டப்பா ஒன்றை நெளித்து அமுக்கியிருந்தாய். மாஜரின் டப்பாவில் சின்ன ரகம். அதற்குள் ஒரு வட்டத் துண்டு, முழுசாக, எழுத்தோடு.

திகதிப்படி முதல் பொட்டலத்தைத் திருப்பி, மடிப்பின் உட்புறத்தைப் பார்த்தேன். திகதி என் நூலகக் கண்காட்சிக்கு நாலு வருடம் முந்தியது. அதற்குக் கீழே இரண்டு வரி.

"காரணம்: பெட்டி. அவனுக்குச் சொல்லத் தேவையில்லை."

உன் மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பாவின்ரை எழுத்து எனக்கு வாசிக்க வராது, மாமா. எனக்கு ஒண்டு மட்டும் சொல்லுங்கோ. அப்பா எடுத்தவரா?"

அவள் எட்டு வருடமாக அந்தக் கேள்வியோடு இருந்திருக்கிறாள். அதைக் கேட்கத்தான் இரண்டு மணி நேரம் ஓடி வந்திருக்கிறாள். பதில் என் கையில் இருந்தது, தமிழில், உன் எழுத்தில். நான் கடதாசியை மடித்தேன்.

"எனக்குத் தெரியாது, பிள்ளை," என்றேன்.

"ஓகே," என்றாள், டேனிஷ் பிள்ளைகள் சொல்லும் மாதிரிச் சட்டென்று. ஜக்கெட்டின் சிப்பைக் கழுத்துவரை இழுத்தாள். தேநீர் குடிக்கவில்லை.

மறுநாள் ஒரு அருங்காட்சியகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன், பழைய பொருட்களைப் பழுது பார்க்கும் பகுதிக்கு. நீ பிழையாக நினைத்திருக்கலாம் என்று ஒரு நம்பிக்கை. ஈயம், வெள்ளைத் தூள் என்று சொன்னேன். அந்தப் பெண் ஒரே ஒரு கேள்வி கேட்டாள், என்ன மரப் பெட்டி என்று. ஓக் என்றேன். பிறகு பொறுமையாகச் சொன்னாள். ஓக் மரத்திலிருந்து எப்போதும் ஒரு புளிப்பு ஆவி வந்துகொண்டே இருக்கும், வினாகிரியில் இருக்கிற அதே அமிலம். அது ஈயத்தைத் தின்னும். பெட்டி எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு வேகம். தொடங்கிவிட்டால் வெளியில் எடுத்தாலும் முழுக்க நிற்காது. எதில் வைத்திருக்க வேண்டும் என்று கேட்டேன். சாதாரண சாப்பாட்டு டப்பா போதும் என்றாள், நல்ல பிளாஸ்டிக்கில் வருவது.

நான் போனை வைத்தேன். முந்நூறு வருடத்துக் கப்பலையும் கரும்பையும் சவுக்கையும் புயலையும் தாண்டி வந்த ஈயத்தை, மரியாதை என்று சொல்லி நான் கொன்றேன். சொந்தக் கையால், பல்லுக்குப் பல்லுக் கோத்து.

இப்போது உன் கணக்குக்கு வருகிறேன். முதல் துண்டு பொடிந்ததும் நீ விளங்கிக்கொண்டாய். மற்றதையெல்லாம் டப்பாவுக்கு மாற்றினாய். அவை அங்கேயும் ஒவ்வொன்றாய்ச் செத்தன, செத்ததை மடித்து மடித்து என் பெட்டிக்குத் திருப்பி அனுப்பினாய். எல்லாம் ஒழுங்கு. ஆனால் ஒரு தொலைபேசி எடுக்க உனக்குக் கையில்லை. "மச்சான், உன்ரை பெட்டி பிழைச்சுப்போச்சு." நாலு சொல். நான் கத்தியிருப்பேன். உன்னைத்தான் திட்டியிருப்பேன், நீதான் ஈரத்தில் வைத்தாய் என்று. ஒரு கிழமை, இரண்டு கிழமை. பிறகு நீயும் நானும் கராஜில் நின்று அந்தத் தூளைப் பார்த்துச் சிரித்திருப்போம். மிச்சத்தை அருங்காட்சியகத்துக்குக் கொண்டு ஓடியிருப்போம், ஏழெட்டாவது தப்பியிருக்கும்.

அதை நீ எனக்குத் தரவில்லை. அந்த மூப்பர் மாதிரி என் வாசலுக்கு வந்து, என்னை எடை போட்டு, இவன் தாங்கமாட்டான் என்று தீர்மானித்து, கையில் ஒன்றும் வைக்காமல் போய்விட்டாய். இதற்குப் பெயர் இரக்கமாம். மண்டபம் நிறைய ஆட்களுக்கு முன்னால் கள்ளன் என்று பட்டம் வாங்கி, அதைச் சுமந்துகொண்டு எட்டு வருடம் நடந்தாய், எனக்காக. உன் பிள்ளையும் சுமந்தாள், அவளைக் கேட்காமலே. நான் உன்னை வெறுத்துக்கொண்டிருந்த ஒவ்வொரு நாளும் நீ என்னை மன்னித்துக்கொண்டிருந்திருக்கிறாய். அதைவிட ஒரு மனிதனைக் கேவலப்படுத்த வேறு வழி எனக்குத் தெரியாது. மூப்பருக்கு ஆர் டோக்கன் குடுத்தது என்று நீதானே கேட்டாய். உனக்கு ஆர் குடுத்தது?

முப்பத்தோராம் நாளுக்கு வந்தேன். யாரும் கூப்பிடவில்லை. அதே மண்டபம்தான், கதிரைகள் மட்டும் புதுசு. படையல் முடிந்து ஆட்கள் ஒவ்வொருவராய் ஒலிவாங்கியில் உன்னைப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். உன் மனைவி முன்வரிசையில், மகள் பக்கத்தில். என்னைக் கண்டதும் பின்னால் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அஞ்சலி சொல்ல இன்னும் யாராவது உண்டா என்று கேட்டபோது நான் எழும்பிப் போனேன். பெட்டியையும் கொண்டுதான் போனேன்.

எழுதி வைத்திருந்ததெல்லாம் மறந்துபோனது. "எட்டு வருசத்துக்கு முதல் இந்த மண்டபத்தில நான் ஒரு ஆளக் கள்ளன் என்டு சொன்னன்," என்றேன். "ஆரும் எடுக்கல்ல. சாமான இந்தப் பெட்டி தின்டுபோட்டுது. பெட்டி நான் செஞ்சது."

ஒருவருக்கும் விளங்கவில்லை. முன்னால் இருந்த ஒரு ஐயா, "என்ன தம்பி தின்டது?" என்று கேட்டார். திரும்பச் சொன்னேன், ஓக் மரம், ஈயம், புளிப்பு ஆவி என்று. ஒலிவாங்கி கீச்சிட்டது. பின்னால் பிள்ளைகள் பலூன் அடித்து விளையாடினார்கள். பொட்டலம் ஒன்றைப் பிரித்துக் காட்டினேன், ஐயா அது விபூதி என்று நினைத்துக் கையை நீட்டினார். முதல் பொட்டலத்துக் கடதாசியை எடுத்து, நீ எழுதிய இரண்டு வரியையும் உரத்து வாசித்தேன். அதற்குப் பிறகு மண்டபம் அடங்கியது. எட்டு வருடத்துக்கு முன் அடங்கிய மாதிரியேதான்.

மேடையிலிருந்து இறங்கி உன் மகளிடம் போனேன். "அண்டைக்கு நீ கேட்டப்பவே எனக்குத் தெரியும், பிள்ளை. பொய் சொல்லிப்போட்டன்," என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் மன்னிப்பு ஒன்றும் இல்லை. அவள் உன்னைப் போல இல்லை, அது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று உனக்கு விளங்காது.

"என்னை விடுங்கோ. அப்பாட்டைச் சொல்லியிருக்கோணும் நீங்கள்," என்றாள். டேனிஷில் இன்னும் ஏதோ சொன்னாள், அழுகையில் சரியாகக் கேட்கவில்லை. தமிழ்ப் பள்ளிக்கூட ஆட்கள் இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். அவர்களுக்கும் நல்லா வேணும்.

வெளியே போகத் திரும்பினேன். உன் மனைவி வாசலில் நின்றார். அவரும் என்னை மன்னித்த மாதிரித் தெரியவில்லை. முகம் இறுகித்தான் இருந்தது.

"சாப்பிட்டிட்டுப் போங்கோ," என்றார்.

சாப்பிட்டேன். பந்தியின் கடைசியில் தனியாக இருந்து, கத்தரிக்காய்க் குழம்பும் பருப்பும் பாயசமும், ஒன்றும் மிச்சம் வைக்காமல்.

கடைசித் துண்டை உன் மகளிடம் நீட்டினேன். அவள் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று திருப்பித் தந்தாள். அதனால் அது இப்போது என்னிடம், உன் மஞ்சள் மூடி டப்பாவில், சட்டைப் பையில். கட்டில் தள்ளும்போது நெஞ்சில் முட்டுகிறது. கூடவே உன் கடதாசியும் மடித்து வைத்திருக்கிறேன். நான் உன்னை இன்னும் மன்னிக்கவில்லை, அவசரப்பட்டு மன்னிக்கப் போவதும் இல்லை. இன்று காலை, அந்தப் புளித்த மணத்துக்கு நடுவில், உன் இரண்டாவது வரிக்குக் கீழே என் பேனையால் ஒரு வரி எழுதினேன்.

சொல்லியிருக்கலாமடா.